ஐந்தாம் லெவல் வில்லாளி ஒருவரே எல்லாச் சண்டையையும் முடித்துவிடுகிறார்: ஃபீற்றைத் தடை செய்வதா?

விறாந்தை டி.எம். (கேள்வி)

வணக்கம். கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கற்பனை விளையாட்டை விளையாடி வருகிறோம். பயன்படுத்துவது 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிநூல். 2024இன் திருத்தப் பதிப்பு எங்களிடம் இல்லை. நான் டி.எம். (கதையையும் எதிரிகளையும் ஆட்டுவிப்பவர்) ஆக இருந்து நடத்துகிறேன், விளையாடுபவர்கள் நால்வர், அவர்களில் ஒருத்தி என் தங்கை. வரைபடப் பலகையோ உருவப் பொம்மைகளோ இல்லாதபடியால், விறாந்தையில் பதித்த ரைல்ஸ் கற்களையே கட்டங்களாக வைத்து, ஒரு கல்லை ஐந்து அடியாகக் கணக்கிட்டு, கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களுக்குப் புளியங்கொட்டையும் ஓகர் என்ற பெரும் பூதங்களுக்குச் சோடாப் போத்தல் மூடியும் வைத்துக்கொள்கிறோம்.

எங்கள் நண்பர் ஒருவர் திறன்களுக்கு 27 புள்ளியைப் பங்கிடும் முறையில் மனித ஃபைற்றர் (போர்வீரன்) ஒருவனை உருவாக்கினார். தொடக்கத்திலேயே ஒரு ஃபீற் (சிறப்புத் திறமை) கிடைக்கும் மனித வகையைத் தெரிந்தெடுத்ததால் முதலாம் லெவலில் குரொஸ்போ எக்ஸ்பேர்ட்டும், நான்காம் லெவலில் ஷார்ப்ஷூற்றரும் அவருக்கு வந்து சேர்ந்தன. ஐந்தாம் லெவலில் இரட்டைத் தாக்குதலும் கிடைத்த பிறகு, கைக்குறுக்குவில்லால் தம் முறை வரும்போதெல்லாம் மூன்று அம்பு எய்கிறார். ஷார்ப்ஷூற்றரால் ஒவ்வோர் அம்புக்கும் தாக்கும் எண்ணில் (பகடையில் விழுவதோடு கூட்டுவது) ஐந்தை விட்டுக்கொடுத்துச் சேதத்தில் பத்தைக் கூட்டிக்கொள்கிறார். இதில் விதிக்குப் புறம்பாக எதுவும் இல்லை என்பதை நூலைப் புரட்டிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

சென்ற கிழமை நடந்ததைச் சொன்னால் என் சிக்கல் விளங்கும். வாசற்படிப் பக்கம் இரண்டு மூடிகளையும் நான்கு புளியங்கொட்டைகளையும் வைத்தேன். முன்னுரிமை வரிசையில் வில்லாளி முதலாவது, என் தங்கை கடைசி. வில்லாளி அக்ஷன் சேர்ஜையும் (அதே முறையில் இன்னொரு தடவை தாக்கும் வாய்ப்பு) போட்டு ஐந்து அம்பு எய்தார், நான்கு பட்டன, 59 உயிர்ப்புள்ளியுள்ள ஓகர் அந்த இடத்திலேயே விழுந்தது. வாளும் கேடயமுமாக நிற்கும் என் தங்கை தன் முறையில் ஆறு கட்டம் நடந்து போய் நின்றாள். எட்டிய தூரத்தில் வெட்டுவதற்கு எவரும் இல்லை. இரண்டாவது சுற்றில் அவளுடைய முறை வருமுன் மற்ற மூடியும் தரையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது, எஞ்சிய கொட்டைகளை மற்ற இருவரான ரோக்கும் (கள்வன்) கிளெரிக்கும் (மந்திரப் பூசாரி) பார்த்துக்கொண்டார்கள். அன்றைய சண்டையில் அவள் உருட்டியது ஒரேயொரு பகடை, அதுவும் முன்னுரிமை வரிசைக்காக. இந்தக் கிழமை தனக்கு ரியூசன் இருப்பதாகச் சொல்கிறாள். ஞாயிறு பின்னேரம் அவளுக்கு ரியூசன் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இதற்கு முன்னர் ஒரு தடவை, யாருக்கும் சொல்லாமல் ஓகரின் உயிர்ப்புள்ளியை 90 ஆக்கிப் பார்த்தேன். வில்லாளிக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. மற்ற மூவரின் அடிதான் முன்னிலும் அற்பமாகத் தெரிந்தது. ஷார்ப்ஷூற்றரைத் தடை செய்துவிடலாமா? அல்லது வேறு வழி உண்டா?

கணக்குப்பிள்ளை

முடிவெடுக்குமுன் கணக்கைப் பார்த்துவிடுவோம், தம்பி. ஒரு பாத்திரம் அளவுக்கு மீறிப் பலமாக இருக்கிறது என்று மேசையில் எழும் முறைப்பாடு பல வேளைகளில் இரண்டு நல்ல உருட்டல்களின் நினைவாகவே முடிந்துவிடுகிறது. உங்கள் விடயத்தில் அப்படி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான்காம் லெவலின் திறன் உயர்வை ஃபீற்றுக்குக் கொடுத்திருப்பதால் வில்லாளியின் சுறுசுறுப்பு 16ஐத் தாண்டியிருக்க முடியாது. அதற்கு 3, தேர்ச்சிக்கு 3, வில்வித்தைப் பாணியை எடுத்திருப்பார் என்று கொண்டால் அதற்கு 2, ஆகத் தாக்கும் எண் +8. எதிரே நிற்பது ஏ.சி. (அடி படுவதற்கு எட்டவேண்டிய எண்) 15 உள்ள கோப்ளின் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக எய்தால் இருபது முகப் பகடையில் 7 விழுந்தாலே போதும், அதாவது 20இல் 14 வாய்ப்பு. ஓர் அம்பின் சராசரிச் சேதம் 6.5 என்பதால் மூன்று அம்புக்கும் சேர்த்து எதிர்பார்க்கக்கூடியது 13.65. ஷார்ப்ஷூற்றரைப் பயன்படுத்தினால் 12 விழவேண்டும், வாய்ப்பு 20இல் 9 ஆகக் குறைகிறது, ஆனால் ஒவ்வோர் அம்பின் சேதமும் 16.5 ஆகிவிடுவதால் மூன்றுக்கும் 22.3 வருகிறது.

இனி உங்கள் தங்கையின் பக்கம். அவர் நான்காம் லெவலில் வலிமையை 18 ஆக்கி, ஒற்றை வாளுக்குரிய பாணியையும் எடுத்திருந்தால், தாக்கும் எண் +7, ஒரு வெட்டின் சராசரிச் சேதம் 10.5. அதே கோப்ளினுக்கு எதிராக 20இல் 13 வாய்ப்பு, இரண்டு வெட்டுக்குச் சரியாக 13.65. இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்: ஷார்ப்ஷூற்றரைப் போடாத வில்லாளியும் உங்கள் தங்கையும் இரண்டாம் தசமதானம் வரை சமமாக நிற்கிறார்கள். இடைவெளி முழுவதும் அந்த ஐந்துக்குப் பத்து என்ற பேரத்திலிருந்தே வருகிறது. ஏ.சி. 11 உள்ள ஓகர் என்றால் இது இன்னும் மோசம், அவருக்கு 32.2, தங்கைக்கு 17.85. ஏ.சி. 19 உள்ள வளர்ந்த சிவப்பு ட்ராகனுக்கு எதிராகக்கூட அவர் 12.4, இவர் 9.45. இருபது விழும்போது பகடை இரட்டிப்பதை நான் சேர்க்கவில்லை. கூட்டிய பத்து அப்போது இரட்டிப்பதில்லை என்பதால் அது படத்தைப் பெரிதாக மாற்றாது.

இப்படி ஆவதற்குக் காரணம் ஐந்தாம் பதிப்பின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. லெவல் ஏற ஏற எண்கள் வானளாவப் போய்விடக்கூடாது என்று எதிரிகளின் ஏ.சி.யை வேண்டுமென்றே ஒரு சிறிய வரம்புக்குள் வைத்தார்கள். அதனால் கீழ்நிலைக் கோப்ளினும் கூட்டமாக வந்தால் உயர்நிலை வீரனைத் தொட்டுப் பார்க்க முடிகிறது, அது நல்ல விடயம். ஆனால் அதே காரணத்தால், தாக்கும் எண்ணில் ஐந்தை இழப்பது எழுதியவர்கள் எண்ணிய அளவுக்குப் பெரிய விலையாக இல்லாமல் போய்விட்டது. 2024இன் திருத்தத்தில் ஷார்ப்ஷூற்றரிலிருந்து இந்தப் பேரத்தையே எடுத்துவிட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். உங்கள் வில்லாளி கேடயம் பிடித்திருக்கிறாரா? கைக்குறுக்குவில் ஒரு கையால் எய்யக்கூடியதுதான். ஆனால் அம்பை ஏற்றுவதற்கு மற்றக் கை வெறுங்கையாக இருக்கவேண்டும். ஏற்றும் நேரத்தைப் பற்றிய தடையைத்தான் குரொஸ்போ எக்ஸ்பேர்ட் நீக்குகிறதே தவிர, வெறுங்கை வேண்டும் என்பதை அது நீக்குவதில்லை.

விறாந்தை டி.எம்.

கேடயம் பிடித்திருக்கிறார். ஏழு மாதமாகப் பிடித்திருக்கிறார். ஆணி பதித்த தோற்கவசத்துக்கு 12, சுறுசுறுப்புக்கு 3, கேடயத்துக்கு 2 என்று ஏ.சி. 17 எழுதி வைத்திருக்கிறார், நானும் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன். விதிக்குப் புறம்பாக எதுவும் இல்லை என்று மேலே நான் எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பாணிகளைப் பற்றி நீங்கள் கொண்டது இருவருக்கும் சரியே.

பழைய பகடை

கணக்கில் பிழையில்லை. ஆனால் கேள்வியில் என் கண்ணில் பட்டது வேறு. அந்தப் பிள்ளை வெட்டிய வெட்டு 13.65 ஆக இருந்ததா 22.3 ஆக இருந்ததா என்பதற்கு இடமே வரவில்லையே. அவர் வெட்டவே இல்லை. ஆறு கட்டம் நடந்து போய் நின்றார். வில்லாளியின் சேதத்தைப் பாதியாகக் குறைத்திருந்தாலும் அவர் அந்த முறையில் நடந்து போய்த்தான் நின்றிருப்பார்.

எங்கள் வீட்டில் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். ஜாக்கும் ஒன்பதும் உள்ள ஒருவர் நமக்கு எதிரே, நம்முடைய பக்கத்து ஆளாக அமர்ந்திருந்தால் நாம் மகிழ்ச்சியடைகிறோம், அந்த இரண்டு சீட்டுக்கும் 50 புள்ளி நம் கணக்கில்தான் சேரும். ஒருவருக்கு நல்ல கை வந்தது என்று எவரும் கோபிப்பதில்லை. அதே ஆள் நம் கையிலுள்ள சீட்டையும் பிடுங்கி இறக்கத் தொடங்கினால்தான் எழுந்து போகத் தோன்றும். இங்கேயும் வில்லாளி எதிரணி அல்லவே. அவர் பலமாக இருப்பது குழுவுக்கு ஆதாயம். மற்றவருடைய முறையையும் அவரே விளையாடிவிடுவதுதான் குறை. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் மருந்தும் வேறாகும்.

உங்கள் விறாந்தையை நினைத்துப் பாருங்கள். எத்தனை கல் நீளம்? பதினான்கு, பதினைந்து இருக்கலாம், அதாவது எழுபது எழுபத்தைந்து அடி. கைக்குறுக்குவில் வழக்கமாக 30 அடிக்கு மேல் தடுமாறும். ஷார்ப்ஷூற்றர் உள்ளவருக்கு 120 அடிவரை தடுமாற்றமே இல்லை. ஆகவே உங்கள் விறாந்தையில் அவர் எங்கே நின்றாலும் எல்லாமே அவருக்கு எட்டும். அதற்கு மேல், வெறும் தரையில் மறைவு என்று எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் பாதி மறைவையும் முக்கால் மறைவையும் அந்த ஃபீற் மதிப்பதில்லை. முழு மறைவு ஒன்றுக்குத்தான் அது கட்டுப்படும். எனவே வாளி, செருப்பு, அரிசிப் பேணி என்று கையில் அகப்பட்டதை வைத்துச் சுவர்களையும் மூலைகளையும் உண்டாக்குங்கள். கதவுக்குப் பின்னால் நிற்கும் ஓகரை எட்டிப் பார்க்காமல் எய்ய முடியாது, எட்டிப் பார்ப்பவர் அதன் கதாயுதத்துக்கு எட்டுவார். அப்போது கேடயம் பிடித்தவருக்கு வேலை வரும்.

இன்னொன்று, அவர் மனிதர். இருட்டில் பார்வை கிடையாது. இரவில் ஒரு சண்டை வையுங்கள். விளக்கைப் பிடிக்க ஒரு கை, வில்லுக்கு ஒரு கை, அம்பு ஏற்ற ஒரு கை. மனிதனுக்கு இரண்டுதான்.

பழைய கதை ஒன்றும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2003இல் வந்த 3.5 பதிப்பில் பன்பன் என்ற ஒரு கோபோல்டை (பல்லி போன்ற சிறு உயிர்) இணையத்தில் கட்டினார்கள். விதிகளின் இடுக்குகளில் புகுந்து புகுந்து, எல்லையற்ற பலமுள்ள தெய்வத்துக்கு ஒப்பாக அது ஆகிவிடும். அதை மேசைக்குக் கொண்டுவருவதற்காக எவரும் கட்டவில்லை. விதிநூலை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்று பார்ப்பதற்கான மூளைப் பயிற்சி அது. உங்கள் நண்பருடைய வில்லாளி அந்த இனம் அல்ல. இரண்டு ஃபீற்றை நூலைப் படித்து ஒழுங்காகத் தெரிந்தெடுத்திருக்கிறார், அவ்வளவுதான். கேடயத்தைத் தவிர.

முன்னாள் வோர்லொக்

நான் மறுபக்கத்தில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். கண்டிப் பக்கம் படித்த காலத்தில் விடுதி அறையில் ஒரு குழுவில் விளையாடினேன். வோர்லொக், சோர்சரர் என்ற இரண்டு மந்திரவாதி வகைகளையும் கலந்து, கோப்பி குடித்துத் தூங்காமல் இருப்பவன் என்று பகிடியாகப் பெயர் பெற்ற அந்தப் பாத்திரத்தைக் கட்டினேன்.

அது இயங்கும் விதம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வோர்லொக்கின் மந்திர இடங்கள் (ஒவ்வொன்றுக்கும் ஒரு மந்திரம் போடலாம்) ஒரு மணித்தியாலச் சிறு ஓய்விலேயே திரும்பிவிடும். சோர்சரரோ மந்திர இடத்தைப் புள்ளிகளாகவும், புள்ளிகளை மறுபடி மந்திர இடமாகவும் மாற்றிக்கொள்ளலாம். மூன்று லெவல் வோர்லொக்குக்கு இரண்டாம் நிலை இடங்கள் இரண்டு; அவற்றை உடைத்தால் நான்கு புள்ளி, நான்கு புள்ளிக்கு முதலாம் நிலை இடங்கள் இரண்டு. மற்றவர்கள் எட்டு மணித்தியாலம் தூங்கும்போது நான் எட்டுச் சிறு ஓய்வு எடுத்தால் விடியும்போது 16 இடங்கள் மேலதிகமாக என்னிடம் இருக்கும். நீண்ட ஓய்வு எடுத்தால்தான் அவை மறையும், நானோ தூங்குவதே இல்லை.

எங்கள் டி.எம். இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வோர் இரவும் ஏதோ ஒன்று எங்களைத் தாக்கத் தொடங்கியது. முதல் இரவு ஓநாய்கள், அடுத்த இரவு கொள்ளையர், அதற்கடுத்த இரவு மறுபடி ஓநாய்கள். மூன்றாவது இரவில்தான் அது எனக்கு விளங்கியது. விளங்கிய கணத்திலிருந்து அந்த ஓநாய்கள் எனக்கு ஓநாய்களாகத் தெரியவில்லை, டி.எம்.இன் கோபமாகத் தெரிந்தன. என்னோடு சேர்ந்து, ஒரு குற்றமும் செய்யாத கிளெரிக்கும் தூக்கம் கெட்டு மந்திரம் இல்லாமல் தவித்தார். பிறகு மூன்று கிழமைதான் அந்தக் குழுவில் இருந்தேன்.

என் பக்கம் நியாயம் இருந்தது என்று சொல்ல வரவில்லை. 24 மணித்தியாலம் நீண்ட ஓய்வில்லாமல் இருப்பவர் உடற்பலச் சோதனையில் 10 எடுக்கவேண்டும், தவறினால் களைப்பு, அடுத்தடுத்த நாளுக்கு அது ஐந்து ஐந்தாக ஏறும் என்று 2017இல் வந்த துணைநூலில் ஒரு விதி இருக்கிறது. அதை எடுத்துக்காட்டி, "தம்பி, இனிமேல் இதைப் பின்பற்றுவோம்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டிருப்பேன். அந்தப் பாத்திரத்தைக் கட்டியதிலேயே என் ஆசையில் பாதி தீர்ந்துபோயிருந்தது.

ஆகையால் ஓகரின் உயிர்ப்புள்ளியைச் சொல்லாமல் 90 ஆக்கிய பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பழைய பகடை அண்ணா சொன்ன சுவரும் இருட்டும் நல்ல யோசனைகள், ஆனால் அவையும் வில்லாளியைப் பிடிப்பதற்கென்றே கிழமைதோறும் வந்தால் என்னுடைய ஓநாய்களாகிவிடும். நான்கு சண்டையில் ஒன்றாவது திறந்த வெளியில் இருக்கட்டும், அதில் அவர் ஆசை தீர எய்யட்டும். முதலில் அவரைத் தனியாக அழைத்து, நடப்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

கிளித்தட்டு

இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் விளையாடும் குழு அது, ஒரு டி.எம். தன் நேரம் முழுவதையும் ஒரு ஃபீற்றுக்கு ஏற்றபடி சுவர் கட்டுவதில் செலவிட முடியாது. விதியை எழுதியவர்களே பத்து ஆண்டு கழித்து அந்தப் பேரத்தை நீக்கிவிட்டார்கள் என்றால், நீங்கள் அதை இன்றே நீக்குவதில் என்ன தவறு? தூரமும் மறைவும் பற்றிய மற்ற இரண்டு பயன்களும் ஃபீற்றில் மிஞ்சும். அவருக்கு விருப்பமில்லையென்றால் அந்த ஃபீற்றுக்குப் பதிலாகச் சுறுசுறுப்பை 18 ஆக்கிக்கொள்ள இடம் கொடுங்கள். பலடின் என்ற புனித வீரர்களின் ஸ்மைற்றையும் (அடியோடு கூட்டும் மேலதிகச் சேதம்) அதே திருத்தத்தில் ஒரு முறைக்கு ஒரு தடவை என்று கட்டுப்படுத்தினார்கள். பலடின் விளையாடியவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், ஆனாலும் பலடின் இன்னும் நல்ல பலத்தோடுதான் நிற்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீக்குவதானால் எல்லோருக்கும் நீக்குங்கள். பெரிய ஆயுதக்காரருக்குரிய ஃபீற்றிலும் இதே ஐந்துக்குப் பத்துப் பேரம் உண்டு. அதை விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்தால், நாளைக்கு உங்கள் தங்கை கேடயத்தைப் போட்டுவிட்டு இரு கை வாளோடு வந்து நிற்பார், அப்போது தங்கைக்காக விதியை வளைத்தீர்கள் என்ற பேச்சு வரும்.

கணக்குப்பிள்ளை

கிளித்தட்டு சொல்வதைக் கணக்கு ஆதரிக்கிறது, ஆனால் ஒரு விடயத்தை எவரும் கேட்கவில்லை. உங்கள் கிளெரிக் பிளெஸ் மந்திரம் போடுகிறாரா? அது தாக்கும் எண்ணில் நான்கு முகப் பகடை ஒன்றைக் கூட்டும், சராசரி 2.5. பார்ப்பதற்கு எல்லோருக்கும் ஒரே உதவி. ஆனால் கோப்ளினுக்கு எதிராக வில்லாளியின் 22.3 அதனால் 28.5 ஆகிறது, தங்கையின் 13.65 ஏறத்தாழ 16.3 ஆகிறது. ஒருவருக்கு ஆறுக்கு மேல், மற்றவருக்கு மூன்றுக்குள். அடிக்கு அடி சேதம் பெரிதாக உள்ளவருக்கே குறி தப்பாமல் இருப்பது கூடுதல் இலாபம் தருகிறது என்பதால், நீங்கள் ஒரு பாத்திரத்தின் பலமென்று பார்ப்பது உண்மையில் இரண்டு பாத்திரங்களின் கூட்டு வேலையாக இருக்கலாம். இதைத் தடுக்கச் சொல்லவில்லை. பிளெஸ் போட்டவருக்கும் அந்தச் சேதத்தில் பங்கு உண்டென்று மேசையில் ஒரு வார்த்தை சொன்னால், கிளெரிக்கும் தன்னை வெறும் மருந்துக்காரராக எண்ணாமல் இருப்பார்.

இன்னும் ஒன்று. ஃபைற்றருக்கு ஆறாம் லெவலிலும் ஓர் உயர்வு உண்டு. தங்கை அதில் சென்ரினல் ஃபீற்றை எடுத்தால், தன்னைக் கடந்து ஓடப் பார்க்கும் எதிரியை அடித்து அந்த இடத்திலேயே நிறுத்தலாம், பக்கத்தில் நிற்கும் எதிரி வேறொருவரைத் தாக்கினால் இடையில் ஒரு வெட்டும் கிடைக்கும். அடுத்தவருடைய முறையிலும் பகடை உருட்டும் உரிமை அது. அவருக்கு இப்போது குறைவாக இருப்பது அதுதான்.

விறாந்தை டி.எம்.

எல்லோருக்கும் நன்றி. நேற்று விளையாடினோம், நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமையே வில்லாளி நண்பரைச் சந்தித்துக் கதைத்தேன். ஓகரின் உயிர்ப்புள்ளியை 90 ஆக்கியதையும் ஒப்புக்கொண்டேன். அவருக்கு அது அப்போதே தெரியுமாம், அடித்த சேதத்தைத் தாளின் ஓரத்தில் கூட்டி வந்திருக்கிறார். கேடயத்தைத் தானாகவே கீழே போட்டுவிட்டார், ஏ.சி. 15 ஆயிற்று. ஷார்ப்ஷூற்றரை இப்போதைக்கு நீக்கவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் கிளித்தட்டு சொன்னதுபோல் பெரிய ஆயுதத்துக்கும் சேர்த்து நீக்குவதென்று இருவரும் பேசிக்கொண்டோம். இரவுச் சண்டை ஒன்று வருகிறது என்பதையும் அவருக்கு முன்கூட்டியே சொன்னேன்.

தங்கையைக் கூப்பிடும்போது விளக்கம் எதுவும் சொல்லவில்லை, கேடயத்தைக் கொண்டு வா என்று மட்டும் சொன்னேன். வந்தாள்.

கடல்நீரேரிக் கரையில் இடிந்த உப்புக் களஞ்சியம் ஒன்று, நிலவில்லாத இரவு, பதினொரு கோப்ளின்கள். விறாந்தைத் தூணையும் அம்மாவின் இரண்டு பூச்சாடிகளையும் சுவர்களாக்கினேன். விளக்கை யார் பிடிப்பது என்று அவர்களுக்குள் ஐந்து நிமிடம் வாக்குவாதம் நடந்தது. வில்லாளிக்கு இரண்டு கையும் வேண்டும், தங்கைக்கு வாளும் கேடயமும், ரோக்குக்கு வெளிச்சமே ஆகாது. கடைசியில் கிளெரிக்தான் தங்கையின் கேடயத்தைத் தொட்டு லைற் மந்திரத்தைப் போட்டார். அதுவரை எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. கேடயத்தைச் சுற்றி இருபது அடிக்கு நல்ல வெளிச்சம், அதற்கப்பால் இருபது அடிக்கு மங்கல். அந்த எட்டுக் கட்டத்துக்கு வெளியே இருந்த எதுவும் வில்லாளியின் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் முன்னே போனால்தான் அவருக்குக் குறி அகப்படும், அவள் நின்றால் அவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். இரண்டாவது சுற்றிலேயே அவர் விறாந்தையின் மறுமுனையிலிருந்து, "அக்கா, இன்னும் இரண்டு கல் முன்னுக்குப் போங்கோ" என்று கெஞ்சத் தொடங்கிவிட்டார். தங்கை அவரைவிட நான்கு வயது இளையவள்.

கோப்ளின்கள் இருட்டில் அவளைப் பார்க்கும், அவளால் அவற்றைப் பார்க்க முடியாது. அம்புகள் எல்லாம் வெளிச்சத்தை நோக்கியே வந்தன. ஏ.சி. 18க்கு எதிராக அவற்றின் தாக்கும் எண் +4தான் என்பதால் பலவும் கேடயத்தில் பட்டுத் தெறித்தன, ஆனாலும் உயிர்ப்புள்ளி 44இலிருந்து 9க்கு இறங்கிவிட்டது. பதினொன்றில் ஏழு வில்லாளியின் அம்புக்கு விழுந்தன. எண்ணிக்கையில் பார்த்தால் பழைய நிலைமைதான். மூன்றைத் தங்கை வெட்டினாள், கடைசிப் புளியங்கொட்டை பூச்சாடிக்குப் பின்னால் முழு மறைவில் இருந்தபடியால் அதைச் சுற்றிப் போய்ப் பிடித்தது ரோக். அன்று தங்கை எத்தனை பகடை உருட்டினாள் என்று நான் எண்ணவில்லை.

ஒரு புதிய சிக்கல் முளைத்திருக்கிறது. ஆறரைக்குத் தொடங்கிய அந்த ஒரு சண்டை ஒன்பது மணிவரை இழுத்தது. அம்மா இரண்டு தடவை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு, மூன்றாவது தடவை வந்து பூச்சாடிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இருட்டுச் சண்டையில் எவர் எவரைப் பார்க்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் கட்டம் கட்டமாக எண்ணாமல் விரைவாகத் தீர்க்க உங்களில் யாராவது ஒரு வழி வைத்திருந்தால் எழுதுங்கள்.